கோட்டின் இரண்டு கைகள்

அந்தத் தெருவில் அவரைப் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்த்த வேலையோ மூக்குக்கண்ணாடிக் கடையில். முப்பத்தொரு வருடமாகப் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. மாடிப்படியில் நாலு படி ஏறினாலே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஆள். "நாற்காலி மேல ஏறி பல்பு மாத்துங்கன்னா கண்ணை மூடிக்கிறாரு, இவரு பைலட்டாம்" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் கேலியோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு காகிள்ஸ். கடைக்கு ஒருநாள் பெரிய மீசைக்காரர் ஒருவர் வந்து, தோல்பட்டை வைத்த பழைய காகிள்ஸ் ஒன்றை மேஜைமேல் வைத்தார். உலகப் போரின்போது விமானிகள் மாட்டிக்கொண்டது. ஒரு கண்ணில் விரிசல். இவர் கைவேலைக்காரர், சும்மா இருப்பாரா? விரிசல் விட்டதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அதே வளைவில் புதுக் கண்ணாடி தேய்த்துப் பொருத்தி, துடைத்துப் பளபளவென்று கொடுத்தார். மீசைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆடாம இருக்க ஒட்டித்தானேய்யா தரச் சொன்னேன். மாத்தச் சொன்னேனா? அந்த விரிசலுக்குத்தான் நான் இத்தனை வருஷமா அலைஞ்சேன்."

அந்த மீசைக்காரர்தான் மேஜர். அவரும் பட்டாளத்தை எட்டிப் பார்த்ததில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பதவியைக் கொடுத்தது மீசை. இரண்டு பேரும் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி மேஜையில் பரப்பி ஒட்டவைத்தார்கள். ஒட்டி முடிப்பதற்குள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள். இவருக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு வீட்டின் பின்னறை அவருடையது இல்லை, அந்த உடுப்புகளுடையது. காதுமடலில் ரேடியோ வயர் தொங்கும் தோல் தொப்பி, பன்றிமூக்கு மாதிரி நீண்ட ஆக்சிஜன் மாஸ்க், கடலில் விழுந்தால் மிதக்கவைக்கும் மஞ்சள் உடுப்பு, முழங்கால் உயரத்துக்கு ரோமம் வைத்த பூட்ஸ் ஒன்று. இன்னொன்று கிடைக்கவில்லை. மனைவி விருந்தாளிகளிடம், "அது ஒத்தைக்கால் பைலட்டோடது" என்பாள். பூச்சி உருண்டை வாசனை சமையலறை வரைக்கும் வரும்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பொது நூலகத்தின் கீழ்த்தள அறையில் அவர்கள் கூடுவார்கள். மொத்தம் ஒன்பது பேர். இந்த ஜிப்பின் இழுவை எந்தக் கம்பெனி, இந்தத் தையலில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, காலர் பட்டை வந்தது போரின் எத்தனையாவது வருடம், இதுதான் பேச்சு. காபி ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை போடுவார்கள். அந்த உடுப்புக்குள் இருந்தவன் என்ன ஆனான் என்ற பேச்சு வராது. வந்தாலும் விமானத்தின் ரகம், தேதி, விழுந்த கடல் என்று மூன்று வரியில் முடிந்துவிடும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஜோடி சேர்ப்பது. பட்டை போன தொப்பி ஒன்று, பட்டை மட்டும் நல்லதாக இருக்கும் தொப்பி ஒன்று. இரண்டும் ஒரே ரகம், ஒரே காலம் என்றால் இரண்டையும் பிரித்து முழுசாக ஒன்று செய்துவிடுவார்கள். புது நூல் தவிர எல்லாமே அந்தக் காலத்துப் பொருள். அதனால் அட்டையில் 'முழுவதும் அசல்' என்று எழுதிவைப்பார்கள். அதில் பொய் இருப்பதாக ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பைலட்டின் கோட்டு அப்படித்தான் உருவானது. உள்ளே அடர்ந்த ஆட்டு ரோமம், வெளியே கெட்டித் தோல், வலது பக்கத்தில் ஒரே ஒரு பாக்கெட். உயரத்தில் உறைந்துபோகாமலிருக்க விமானிகள் போட்டுக்கொண்ட ரகம். பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் முதலில் ஒன்று கிடைத்தது. ஈரத்தரையில் கிடந்து முதுகு பூஞ்சை பிடித்திருந்தது, கைகள் இரண்டும் அருமையாக இருந்தன. எட்டு மாதம் கழித்து வேறு ஊரில் இன்னொன்று கிடைத்தது. அதற்கு உடம்பு உண்டு, கைகள் இல்லை. யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். அவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான்கு மாதம் உட்கார்ந்து, பழைய தையலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து, அதே ஓட்டைகளில் மெழுகு நூல் கோத்து, இரண்டையும் ஒன்றாக்கினார். மேஜர் பூதக்கண்ணாடி வைத்துத் தோள்பட்டையைப் பார்த்துவிட்டு, "எங்க சேர்த்தேன்னு எனக்கே தெரியலையே பாவி" என்றார். அதைவிடப் பெரிய பட்டம் அவர்களிடம் கிடையாது.

மிச்சமிருந்த பூஞ்சைத் தோலைக் குப்பையில் போட்டார். ரோமத்தை மட்டும் வீணாக்க மனம் வரவில்லை. நல்ல பகுதிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கடைக்கு எடுத்துப்போனார். லென்ஸ் துடைக்க அதைப்போல மெத்தென்ற பொருள் அமையாது. ஒன்றரை வருடம் வந்தது.

கோட்டின் இடது முழங்கையில் ஒரு ஒட்டு இருந்தது. வேறு நிறத்தோல், அதில் மெல்லிய இலைக்கொடி அச்சு, சுற்றிலும் நீல நூல் தையல். அது ஒரு விமானப் படைப்பிரிவின் ரகசியச் சின்னம் என்று மேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாதாடியிருக்கிறார்.

ஆறு வருடம் கழித்து, நூலகத்தில் ஒரு வாரம் கண்காட்சி வைத்தார்கள். துணிக்கடைப் பொம்மைக்கு அந்தக் கோட்டை மாட்டி, வாசலுக்கு நேரே நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண்மணி வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனியாக இருக்கிறவர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு மழைக்கு ஒதுங்கியவர்போல உள்ளே நுழைந்தார். கோட்டின் இடது பக்கம் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஒரு பழைய கைப்பையோடு வந்தார். மூடி இல்லாத பை. மூடி இருக்கவேண்டிய இடத்தில் யாரோ கத்தரித்த அடையாளம். பையின் ஓரத்தில் இலைக்கொடி அச்சு ஓடி, கத்தரித்த இடத்தில் நின்றுபோயிருந்தது. பையைக் கோட்டின் முழங்கை அருகே கொண்டுபோய்ப் பிடித்தார். கொடி அந்தப் பக்கம் தொடர்ந்தது.

"எங்க அம்மாவோட பை இது" என்றார். "லீவுல வந்தப்ப அப்பா கோட்டு அடுப்புல பட்டு முழங்கை பொசுங்கிருச்சு. அம்மா பையை வெட்டி ஒட்டுப் போட்டாங்க. என் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற நூல்தான் வீட்டுல இருந்துச்சு. அதான் நீலம்."

நூலக அலுவலர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"எனக்கு அஞ்சு வயசு. ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். கடுங்குளிர். இந்தப் பாக்கெட்ல என் கையை விட்டு, மேல அவர் கையை வெச்சு மூடிக்கிட்டாரு. அப்படியே நடந்து போனோம்." அவர் பைலட்டைப் பார்த்தார். "தம்பி, நான் ஒரு தடவை கையை விட்டுப் பாக்கலாமா?"

பாக்கெட் இரண்டாவது கோட்டினுடையது. யாரோ ஒருவனுடையது.

"விடுங்கம்மா" என்றார் பைலட்.

அந்த அம்மாள் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நூலக அலுவலர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொம்மையின் காலடியில் 'முழுவதும் அசல்' என்ற அட்டை இருந்தது. இவ்வளவு பேர் நடுவில் எப்படிச் சொல்வது, அடுத்த தடவை தனியாகப் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று பைலட் நினைத்தார்.

அந்த அம்மாள் திடீரென்று கண்ணைத் திறந்து கேட்டார். "அப்பா கடல்ல விழுந்தாருன்னு சொன்னாங்க. உடம்பு கிடைக்கலை. கோட்டு எப்படி இங்க இருக்கு?"

"அன்னைக்குப் போட்டுக்காமப் போயிருக்கணும்மா. ஸ்டோர்ல இருந்து பின்னாடி வித்திருப்பாங்க."

"அப்போ குளிர்ல போயிருக்காரு" என்றார் அவர்.

கண்காட்சி முடிந்து கோட்டு வீட்டுக்கு வந்ததும், செவ்வாய்க்கிழமைதோறும் அவரும் வர ஆரம்பித்தார். கடைக்கு அன்று விடுமுறை. பைலட்டின் மனைவி அவருக்கு டெலிபோன் அக்கா என்று பெயர் வைத்து, பெயரோடு சேர்த்து மனதிலும் இடம் கொடுத்துவிட்டாள். இருவரும் முதலில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு அக்கா பின்னறைக்குப் போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். அரைமணி நேரம். போகும்போது முகம் தெளிந்திருக்கும்.

ஒவ்வொரு செவ்வாயும் பைலட் சொல்ல நினைப்பார். ஒவ்வொரு செவ்வாயும் டீ எடுத்துவரப் போய்விடுவார்.

மூன்றாம் மாதம் அக்கா ஒன்று கேட்டார்.

"தம்பி, இந்தக் கோட்டு உங்க உசுருன்னு எனக்குத் தெரியும். இதைக் கேக்க மாட்டேன். அந்தப் பாக்கெட்டை மட்டும் பிரிச்சுத் தருவீங்களா?"

"எதுக்கும்மா?"

"அம்மா கல்லறையில ரெண்டு பேருக்கு இடம் வாங்கியிருந்தாங்க. கல்லுல அப்பா பேரும் இருக்கு. அடியில ஒண்ணும் இல்ல. அம்மா கடைசி வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பாக்கெட்டை அங்க வெச்சுட்டா எனக்கு வேற வேலை இல்ல."

"அடுத்த செவ்வாக்கிழமை வாங்கம்மா" என்றார் பைலட்.

அன்று சாயங்காலமே மேஜரின் வீட்டுக்குப் போனார். மேஜர் பிரஷ்ஷால் ஒரு தொப்பியின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாக்கெட்டைப் பிரிக்கிறதா? கோட்டே போச்சேய்யா."

"கோட்டு போனாப் போகுதுண்ணே. அது அவங்க அப்பா பாக்கெட் இல்ல. அதுதான் விஷயம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? ஒரே ரகம், ஒரே தோல், ஒரே வருஷம். அவங்க அப்பாவோடது இருந்திருந்தாலும் இதே மாதிரிதான் இருந்திருக்கும். மண்ணுக்குள்ள போய் யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறா?"

"அவங்க அம்மா பக்கத்துல வேற ஒருத்தன் பாக்கெட்டைக் கொண்டுபோய் வைக்கணும்ணே."

"வெச்சா என்ன, இத்தனை வருஷம் தனியா இருந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணை" என்று சிரித்த மேஜர், இவர் சிரிக்காததைப் பார்த்துப் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "சொல்லி என்ன செய்யப் போறே? நிம்மதியா இருக்காங்க. நீ நல்லவன்னு காட்டிக்க அவங்க நிம்மதியைக் கெடுக்காதே."

அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பைலட் அந்த நியாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவளுக்கு இரண்டு கோட்டு விஷயம் தெரியாது. அந்த நான்கு மாதமும் அவர் ஏதோ கிழிசல் தைக்கிறார் என்றே நினைத்திருந்தாள்.

அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள். "அக்கா கையை வெக்கிறதைத் தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"தினமும் இல்ல. செவ்வாக்கிழமை."

"ரொம்ப முக்கியம்" என்றாள் அவள். படுக்கப் போகும்போது, "மேஜர் சொல்றதும் சரிதான். ஆனா அவங்க வந்து வாங்கிக்கிட்டுப் போறப்ப நான் வீட்டுல இருக்க மாட்டேன். என்னால அவங்க முகத்தைப் பாக்க முடியாது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அக்கா புதுக் கைக்குட்டை ஒன்றை இஸ்திரி போட்டு எடுத்துவந்திருந்தார், பாக்கெட்டைச் சுற்றிக்கொண்டுபோக. மனைவி வீட்டில்தான் இருந்தாள். பைலட் கோட்டை மேஜைமேல் விரித்து, விளக்கைத் தாழ்த்தி, பிளேடை எடுத்தார். அக்கா கடைசியாக ஒரு தடவை என்று சொல்லிக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். பைலட் பிளேடைக் கீழே வைத்தார்.

"அம்மா, இது ரெண்டு கோட்டும்மா."

"என்னது?"

"ரெண்டு கோட்டைப் பிரிச்சு ஒண்ணாக்கினேன். நாங்க அப்படித்தான் செய்வோம். கை ரெண்டும் உங்க அப்பாவோடது. மத்ததெல்லாம் வேற ஒருத்தரோடது. பாக்கெட்டும்."

அக்கா உடனே கையை எடுக்கவில்லை. "யாரோடது?"

"தெரியாதும்மா."

அவர் கையை வெளியே எடுத்தார். மடியில் வைத்து, மறு கையால் மூடிக்கொண்டார்.

"மூணு மாசமா வர்றேன்."

"ஆமாம்மா."

"நீங்க டீ எடுத்துட்டு வரப் போவீங்களே, அப்ப நான் பேசுவேன் தம்பி. அப்பாகிட்ட. சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன்." அவர் கோட்டைப் பார்த்தார். "யார்கிட்டயோ சொல்லியிருக்கேன்."

பைலட் தலையைத் தூக்கவில்லை. மனைவி வாசற்படியிலேயே நின்றாள்.

"அப்பா கோட்டோட மிச்சம் எங்க?"

பைலட் ஒளிக்காமல் சொன்னார். பூஞ்சை பிடித்த தோல் குப்பைக்குப் போனது, ரோமம் கடையில் லென்ஸ் துடைத்தே தேய்ந்துபோனது. சொல்லச் சொல்ல அவருக்கே தன் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

"அதுலயும் பாக்கெட் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உள்ள ஏதாவது?"

"கொஞ்சம் தூசி. பிஸ்கட் துணுக்கு மாதிரி ஏதோ. ஜன்னல் வழியா உதறிட்டேன்."

அக்கா தலையை மட்டும் மெல்ல ஆட்டினார், அட்ரஸ் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறவரைப்போல. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று பைலட்டுக்கு இருந்தது.

"கை ரெண்டையும் கழட்டிக் குடுங்க" என்றார்.

கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்கு மாதம் சேர்த்ததைப் பிரிக்க அவ்வளவுதான் பிடித்தது. மனைவி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து பிளேடு போகிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுவந்த டீயில் ஆடை படிந்தது. இடது கை கழன்றதும் பைலட் அதன் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அக்குள் பக்கம் ரோமத்தில் பழுப்பாக ஒரு வளையம்.

"இது வேர்வைம்மா. இதை நான் தொடவே இல்ல."

"அப்பாவோடதா?"

"ஆமா. இது அவரோடதுதான்."

அக்கா குனிந்து முகர்ந்து பார்த்தார். பூச்சி உருண்டை வாசனைதான் வந்திருக்கும். அந்த இடத்தில் முகத்தை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

இரண்டு கைகளைச் சுற்றக் கைக்குட்டை போதவில்லை. மனைவி துவைத்த தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதற்குள் இரண்டையும் நீட்டமாக வைத்து, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். வாசலில் மனைவியிடம், "வரேன்மா" என்றார். பைலட்டைப் பார்த்து, "போறேன் தம்பி" என்றார்.

இத்தனை மாதத்தில் அவர் போறேன் என்று சொன்னதில்லை. மனைவி, "போயிட்டு வரேன்னு சொல்லுங்கக்கா" என்றாள். அக்கா அதற்குள் படியிறங்கிவிட்டார்.

பைலட் பின்னறைக்குத் திரும்பிவந்தார். மேஜைமேல் கையில்லாத கோட்டு விரிந்து கிடந்தது. கடையில் வாங்கிவந்த அன்றைக்கும் அது இப்படித்தான் இருந்தது. இதற்குள் இருந்தவன் யார் என்று அன்றைக்கு ஒரு கணமும் யோசித்ததில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவனுக்கும் யாராவது இருந்திருக்கலாம். அவர்களிடம் காட்ட இதில் ஒட்டும் இல்லை, நீல நூலும் இல்லை. பாக்கெட்டின் வாய் இன்னும் ஒரு கை அளவுக்குத் திறந்திருந்தது. அதை மூடிவிடலாமா என்று நினைத்து, தொடாமல் விட்டார்.

மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள். மேஜைக்கடியில் துண்டு துண்டாக நூல் கிடந்தது. அவள் குனிந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல அவங்க அம்மா போட்ட நூல் ஏதாவது இருக்குதாங்க? இருந்தா எடுத்து வெக்கிறேன். ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடறேன், பஸ் இன்னும் வந்திருக்காது."

பைலட் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நீலம் ஒன்றும் இல்லை. கடைசித் துண்டு வரைக்கும் பார்த்தார்.

"கூட்டிடு" என்றார். "எல்லாம் நான் போட்ட நூல்தான்."